ஏழாம் எண் கல்லும் இருபத்து மூன்று முகங்களும்

வைகை ஆறு பிறந்த நாளிலிருந்து இன்றுவரை மதுரை மண்ணில் தண்ணீர் ஊற்றியவர்களில் தலைசிறந்தவள் கனகாதான். மழைக்கே அவளுக்கு அடுத்த இடம். அரளிச் செடிகளின் அன்னை, நாலுவழிச் சாலையின் நாயகி, ஆரஞ்சுச் சட்டை போட்ட அரசி, சமயநல்லூர் தந்த சரித்திரம். விமானத்தில் வந்து அவனியாபுரம் பக்கம் இறங்குகிறவர்கள் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது கோபுரத்தை என்று ஊர் நினைக்கிறது. கிடையாது, அவளைத்தான்.

இப்படி ஒரு பிளக்ஸ் அடித்துச் சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் கட்டலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. கையில் தண்ணீர்க் குழாயோடு அவள் ஒரு சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி டிசைன்கூடத் தயார். கனகா அதைப் பார்த்துவிட்டு, உயிரோட இருக்குற ஆளுக்கு எதுக்குடா போர்டு என்று கேட்டாள். எழுதியே தீரவேண்டும் என்றால் நோட்டில் எழுதிக்கொள், அதையும் ஒழுங்காக எழுது என்றாள். அதனால் சிங்கம் போய்விட்டது. இனிமேல் ஒழுங்காக.

கனகாவுக்கு முப்பத்தெட்டு வயது. நாலுவழிச் சாலையைப் பராமரிக்கிற கம்பெனியில் தினக்கூலி. சாலையின் நடுத்திட்டில் வளர்கிற அரளிக்குத் தண்ணீர் விடவேண்டும், அது தலைக்கு மேல் போனால் வெட்டவேண்டும், அடிபட்ட நாயை ஓரமாக இழுத்துப் போடவேண்டும். சமயநல்லூருக்கு வடக்கே பதினான்கு கிலோமீட்டர் அவளுடைய கோஷ்டியின் பொறுப்பு. அந்தப் பதினான்கு கிலோமீட்டருக்குள் பதினொரு நினைவுக் கல் இருந்தது. யார் எங்கே விழுந்தார்களோ அங்கேயே அவர்களுடைய ஆட்கள் வைத்தவை. டேங்கர் லாரியில் குழாயைப் பிடித்துக்கொண்டு போகும்போது கனகா அரளிக்கு ஊற்றுகிற தண்ணீரில் கொஞ்சத்தைத் திருப்பி ஓரத்துக் கல்லின் மேலும் அடிப்பாள். தூசி போகும், முகம் தெரியும். அது அவள் வேலையில் இல்லை.

தெற்கிலிருந்து எண்ணினால் மூன்றாவது கல் ஒரு புதுமாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும். மறுவீட்டு விருந்துக்குக் கிளம்பிப் பாதி வழியில் போனவர்கள். ஒரே கல், இரண்டு போட்டோ. நினைவுநாளில் மாப்பிள்ளை வீட்டார் காலையில் வந்து மாலை போடுவார்கள், பெண் வீட்டார் சாயங்காலம் வந்து போடுவார்கள். யாருடைய அவசரத்தால் அன்றைக்கு வண்டியை எடுத்தார்கள் என்ற சண்டை இன்னும் முடியவில்லை. ஐந்தாவது கல்லில் போட்டோ இல்லை, பெயர் இல்லை, 'தம்பி' என்று மட்டும் செதுக்கியிருந்தது. வடக்கேயிருந்து கிளீனர் வேலைக்கு வந்த பையன், லாரி டயர் மாற்றும்போது அடிபட்டவன். அவனுடைய லாரி டிரைவர் வைத்த கல். வாரத்துக்கு ஒருமுறை அந்த லாரி போகும். அந்த இடத்தில் மட்டும் ஒரு நீளமான ஹாரன் அடித்துவிட்டுப் போகும். கனகா அந்தச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்லிவிடுவாள்.

ஏழாவது கல் சிவபாண்டி. கனகாவின் தம்பி.

அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். கட்டிய புருசன் விட்டுவிட்டுப் போனபோது அவள் கூடவே நின்றவன் அவன். லோடு ஆட்டோ ஓட்டினான். அவளுடைய மகள் பவதாரிணிக்கு அப்போது ஐந்து வயது, பால்பன் வேண்டும் என்று அழுதாள். பேக்கரி சாலைக்கு அந்தப் பக்கம். முறையாகப் போய்த் திரும்பவேண்டும் என்றால் இரண்டு கிலோமீட்டர் சுற்று. ஊர்க்காரர்கள் நடுத்திட்டின் கம்பியை அறுத்து ஒரு சந்து வைத்திருந்தார்கள். சமயநல்லூரில் அந்தச் சந்துக்குள் வண்டியை விடாத ஆள் கிடையாது, கனகாவும் விட்டிருக்கிறாள். பைக்கில் போகும்போது சிவபாண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது ஒரு கார். வண்டிக் கவருக்குள் இருந்த பால்பன் நசுங்காமல் இருந்தது என்று போலீஸ்காரர் எடுத்துக் கொடுத்தார். பவதாரிணி அதற்குப் பிறகு பன் கேட்டதில்லை.

அவன் போய் நாலு மாதத்தில் கனகா இந்த வேலையில் சேர்ந்தாள். அந்தச் சந்தை அடைக்க அரளி நட்டவள் அவள்தான். இப்போது அது அவளைவிட உயரம்.

கம்பெனியில் யாரிடமும் அவள் அவனுடைய அக்கா என்று சொல்லவில்லை. காரணம் அன்னக்கொடி. அன்னக்கொடியும் இதே கோஷ்டியில் இருந்தவள், அவளுடைய வீட்டுக்காரர் பதினோராவது கல். ஒருநாள் குழாயை ஓடவிட்டபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் கண்ணுச்சாமி அந்த வாரமே அவளைக் கப்பலூர் பக்கம் மாற்றிவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை. சாலையில் நின்று அழுகிறவள் அடுத்த கல்லாகிவிடுவாள் என்ற பயம். கனகா அதைப் பார்த்துக்கொண்டாள். ஏழாவது கல்லைக் கடக்கும்போது வேற்று ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினாள்.

கல்லை வைத்தது சிவபாண்டியின் கூட்டாளிகள். இடுப்பு உயரம், வெள்ளை டைல்ஸ். முதல் வருட நினைவுநாளுக்கு ஒரு பிளக்ஸும் கட்டினார்கள். நடுவில் சிவபாண்டி கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு சிரித்தான். வாழ்ந்த காலத்தில் அவன் கழுத்தில் துண்டைத் தவிர எதுவும் ஏறியதில்லை. பிளக்ஸ் கடையில் செத்தவர்களுக்கு என்றே ஒரு கோட்டு இருக்கிறது, எல்லார் தலையையும் அதன் மேல்தான் வைப்பார்கள். கீழே வட்டம் வட்டமாகக் கூட்டாளிகளின் முகம், இருபத்து மூன்று. கனகா அன்றைக்கு அந்த வட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். தம்பியை நினைக்க இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு தெம்பு. அடுத்த வருடம் பதினைந்தோ பதினாறோ. போன வருடம் நாலு. இந்த வருடம் நினைவுநாள் வந்தது, போனது, பிளக்ஸே வரவில்லை. அவள் மட்டும் டேங்கரிலிருந்து கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் அடித்தாள்.

பத்து நாள் கழித்துக் கம்பெனி இன்ஜினியர் சரண்யாதேவி ஜீப்பில் வந்து இறங்கினார். சின்ன வயசு, நல்ல மாதிரி. போன மாதம் ஒரு பைக் சறுக்கி இரண்டாவது கல்லில் மோதிப் பின்னால் இருந்தவர் இறந்துபோனார். செத்தவருக்கு வைத்த கல்லே இன்னொருவரைச் சாகடித்தால் எப்படி என்று அவர் கேட்டார். பதினொரு கல்லும் சாலையோரத்தை விட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு. உரிமைப்பட்ட ஆட்கள் வந்து கேட்டால் கல்லை உடைக்காமல் வேலியோரத்துப் புளியமரத்தடிக்கு நகர்த்தித் தருவார்கள். ஞாயிறு காலை ஜேசிபி வரும்போது பக்கத்தில் ஆள் நிற்கவேண்டும். ஆள் நிற்காத கல் உடைந்து லாரியில் ஏறிவிடும்.

கல்லுக்கு எண் போடுகிற வேலையைக் கண்ணுச்சாமி கனகாவிடம் கொடுத்தார். அவளுக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கும். தம்பியின் முகத்துக்குக் கீழே சிவப்புப் பெயின்ட்டில் ஏழு என்று எழுதினாள். பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு எட்டாவதுக்கு நடந்தாள்.

தானே போய்க் கேட்டால் கல் நிற்கும், வேலை அந்தச் சாலையில் நிற்காது. கூட்டாளிகள் கேட்டால் இரண்டும் நிற்கும். அதைவிட, கேட்க ஒருத்தனாவது வருவானா என்று அவளுக்குப் பார்க்கவேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் தேடிப் போனாள். கல் வைக்க முன்னால் நின்ற சூர்யபிரகாஷ் இப்போது திருப்பூரில். போனில் அக்கா அக்கா என்று உருகினான், லீவு மட்டும் கிடைக்காது என்றான். பேயாண்டிக்குக் கல்யாணமாகி மனைவி ஏழு மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரி வீட்டு ஆம்பளை இந்த மாதிரி இடத்துக்குப் போகக்கூடாது என்று அவனுடைய மாமியாரே வாசலில் வந்து சொன்னாள். கனகா சரிதான் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அதில் தப்புச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

கருத்தக்கண்ணன் மட்டும் உள்ளூரில் இருந்தான். சிவபாண்டியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் இப்பல்லாம் நாலுவழியில போறதே இல்லக்கா. மதுரைக்குப் போறதுன்னாலும் பழைய ரோட்டுலதான் சுத்திப் போறேன்."

"ஏண்டா?"

"அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு அவன் சிரிக்கிறான்க்கா. என்னால பாக்க முடியல."

வியாழக்கிழமை கனகா பஸ் ஸ்டாப் பிளக்ஸ் கடைக்குப் போனாள். பழைய பிளக்ஸில் இருந்த மற்றவர்களின் பெயராவது கிடைக்குமா என்று. கடையில் டிசைன் போடுகிறவன் அசாருதீன், பதினேழு வயது, பிளஸ் ஒன்னில் பாதியோடு நின்றவன். ஒரு காதுகுத்து போர்டில் தாய்மாமன் முகத்தையும் விருந்துக்கு வாங்கிய கிடாயின் முகத்தையும் இடம் மாற்றி வைத்து, நல்ல வெயிலில் அறை வாங்கியவன் என்று ஊருக்கே தெரியும். அவனைப் பெற்ற அத்தா பீர் முகமது பேக்கரி வேன் ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் சுற்றுச்சாலையில் அடிபட்டு இறந்துபோனார். அது இந்தக் கதையில் வராது.

பழைய டிசைன் எல்லாம் பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது என்று அவன் சொன்னான். கனகா அவனிடம் ஞாயிறு காலை ஜேசிபி வரப்போகிற கதையைச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் அவன் ஏதாவது கிண்டல் செய்து சமாளித்திருப்பான்.

சனிக்கிழமை காலை டேங்கர் ஏழாவது கல்லை நெருங்கும்போது கனகாவின் கையில் குழாய் நழுவியது. கல்லுக்குப் பின்னால் புதுப் பிளக்ஸ். அதே கோட்டு, கல்லில் இருக்கிற அதே சிரிப்பு. 'உன் கல்லை நாங்கள் காப்போம் நண்பா' என்று கொட்டை எழுத்து. கீழே வட்டம் வட்டமாக முகங்கள். நடுத்திட்டிலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவுதான் தெரியும். அடையாளம் தெரியாது, எண்ணலாம். எண்ணினாள். இருபத்து மூன்று. கீழே ஒரு போன் நம்பர்.

ஜீப்பில் வந்த சரண்யாதேவி மேடம் அந்த நம்பருக்கு ஸ்பீக்கரில் போட்டே பேசினார். கனகா அரளி வெட்டுகிற மாதிரி கிட்டத்தில் போய் நின்றுகொண்டாள். எதிர்முனையில் ஒரு கரகரத்த குரல், நாற்பது வருடம் பீடி குடித்த குரல். இருவத்து மூணு பேரும் வந்து நின்று கல்லை வாங்கிக்கொள்கிறோம் மேடம், நீங்க ஒண்ணும் கவலப்படாதீக என்றது. மேடம் குறித்துக்கொண்டார். அரளி இலைத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று கனகா கண்ணுச்சாமியிடம் சொன்னாள்.

ஞாயிறு காலை அவள் ஒரு பெரிய கேனில் டீ போட்டு எடுத்து வந்தாள். கூடவே ஒரு கட்டுப் பேப்பர் கப். கோஷ்டிக்கு என்று சொல்லிக்கொண்டாள். கோஷ்டியில் ஐந்து பேர்தான்.

ஜேசிபி தெற்கிலிருந்து ஆரம்பித்தது. மூன்றாவது கல்லுக்கு மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் முதல்முறையாக ஒரே நேரத்தில் வந்திருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. கல் சங்கிலியில் ஆடியபோது இரண்டு அப்பன்மாரும் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு புளியமரம் வரைக்கும் நடந்தார்கள். ஐந்தாவது கல்லுக்கு ஆள் இல்லை. லாரிக்காரர் எந்த மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்தாரோ. ஜேசிபிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்தார், ஐந்து நிமிடம் காத்திருந்தார். பிறகு கரண்டியை இறக்கினார். 'தம்பி' என்ற எழுத்து நடுவில் இரண்டாகப் பிளந்தது. கனகா நடந்துபோய்த் துண்டுகளைப் பொறுக்கி லாரியில் போட்டாள். அது அவள் வேலை.

ஏழாவது கல்லுக்கு அவள் ஜேசிபிக்கு முன்னாலேயே ஓடிவிட்டாள். பிளக்ஸை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகங்கள் அவளைப் பார்த்துச் சிரித்தன. சூர்யபிரகாஷ், பேயாண்டி, கருத்தக்கண்ணன், யாரும் அதில் இல்லை. கையிலிருந்த கேனை மெதுவாகக் கீழே வைத்தாள்.

இருபத்து மூன்று பேர் வரவேண்டிய இடத்துக்கு அசாருதீன் மட்டும் சைக்கிளில் வந்தான். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பைக் நின்றது. அதில் ஹெல்மெட் கழற்றாத ஒருத்தன். உட்கார்ந்திருந்த சாய்வு கருத்தக்கண்ணன் மாதிரி இருந்தது. இறங்கவில்லை, போகவும் இல்லை.

கண்ணுச்சாமி வந்து சுற்றிலும் பார்த்தார். எங்கய்யா இருவத்து மூணு பேரு என்றார். அசாருதீன் வாயைத் திறந்தான். பஸ் ரிப்பேர் என்று ஒன்று, கோயில் கொடை என்று ஒன்று, இரண்டு பொய் தயாராக இருந்தது. கனகா அவனைக் கையால் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். சேலைக்கு மேல் போட்டிருந்த கம்பெனியின் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றினாள், மடித்தாள், கல்லின் மேல் வைத்தாள்.

"அண்ணே, இது என் தம்பி."

கண்ணுச்சாமி கல்லிலிருந்த முகத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலு வருசமா ஏத்தா சொல்லல?"

"சொன்னா மாத்திருவீக."

"இப்பவும் மாத்தத்தான் செய்வேன்."

"மாத்துங்க. கல்ல மட்டும் பாத்துத் தூக்கச் சொல்லுங்க."

பாத்துத்தான் தூக்கினார்கள். டைல்ஸில் ஒரு மூலை பெயர்ந்தது, அவ்வளவுதான். கனகா ஒரு பக்கம் பிடித்தாள், அசாருதீன் ஒரு பக்கம். பாதி தூரத்தில் கண்ணுச்சாமியும் வந்து கை கொடுத்தார். புளியமரத்தடியில் கல்லை இறக்கித் திரும்பிப் பார்த்தபோது எதிர்ப்பக்கத்து பைக் போயிருந்தது.

சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு கனகா கேனைத் திறந்தாள். ஒரு கப்பை அசாருதீனிடம் நீட்டினாள். பிளக்ஸைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி மரத்தடியில் விரித்து, ஒவ்வொரு வட்டமாக விரலை வைத்தாள்.

"இவன் போன மாசம் ஆனையூர் கல்யாண போர்டுல மாப்ள. இந்தா, இந்த மூணு பேரும் பொண்ணுக்கு அண்ணன் தம்பிக. இவரு காதுகுத்துல தாய்மாமன், நீ அறை வாங்குனியே, அவரு."

"அவரு பெரிய மனசு பண்ணி வந்துருக்காருக்கா."

"போனுல பேசுனது யாரு?"

"எனக்கு அன்னைக்குத் தொண்ட கட்டிருந்துச்சு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிவபாண்டிக்கு யாரோ முன்பின் தெரியாத இருபத்துச் சொச்சம் பேர் அவர்களுக்கே தெரியாமல் கூட்டாளி ஆகியிருந்தார்கள். அவனுடைய நிஜக் கூட்டாளிகள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். அவள் விரல் கடைசி வரிசைக்குப் போனபோது, டீ ஆறுதுக்கா, குடிங்க என்றான் அசாருதீன். கடைசி வட்டம் மறையும்படி பிளக்ஸைச் சுருட்டத் தொடங்கிவிட்டான்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. கனகாவுக்கு அடுத்த மாதத்திலிருந்து தெற்கே, அவனியாபுரம் பக்கத்துச் சுற்றுச்சாலை. சமயநல்லூரில் அரளிக்கு இனி வேறு ஆள். நடுத்திட்டுச் சந்தை அடைத்து நின்ற செடிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அந்த ஆளுக்கு அவள் சொல்லிக் கொடுத்தாள். கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புளியமரத்தடிக்குக் குழாய்த் தண்ணீர் எட்டாது. வியாழக்கிழமை அந்த லாரி வழக்கம்போல ஒரு நீளமான ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அடித்து முடித்தபிறகுதான் டிரைவர் ஐந்தாவது கல் இல்லாததைப் பார்த்திருக்கவேண்டும். கொஞ்ச தூரம் தள்ளி லாரி ஓரம் கட்டி, வெகுநேரம் அங்கேயே நின்றது.

இதுவரைக்கும் நோட்டில் எழுதியதைப் போன ஞாயிற்றுக்கிழமை பிளக்ஸ் கடையில் வைத்து அவளுக்கு வாசித்துக் காட்டியாயிற்று. சிங்கம் இல்லையே என்று முதலிலேயே பார்த்துக்கொண்டாள். விமானத்திலிருந்து எட்டிப் பார்ப்பதை அடிக்கச் சொன்னாள், அடிக்கவில்லை. மற்றபடி குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் நோட்டை வாங்கி, பக்கத்தைப் பின்னால் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தாள். எட்டாவது வரை படித்தவள், நன்றாகவே வாசிப்பாள்.

"'அது இந்தக் கதையில் வராது'ன்னு எழுதிருக்கியே, கடேசி வட்டத்துல இருந்தது யாருடா?"

"யாரோ லைசென்ஸுக்கு எடுத்த பழைய போட்டோக்கா. வட்டம் ஒண்ணு கொறஞ்சுச்சு, போட்டேன்."

"அந்தக் காதப் பாத்தாத் தெரியலையா. அப்பிடியே ஒன் காது."

மவுஸை அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தும் கம்ப்யூட்டரில் ஒரு வேலையும் இல்லை. எங்கள் வீட்டில் கல் வைக்கிற வழக்கம் இல்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன். அது அவளுக்கே தெரியும். அவள் நோட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு, ஆரஞ்சுச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"சுத்துச்சாலையில எத்தனாவது கிலோமீட்டர் கல்லுடா, ஒங்க அத்தா விழுந்தது?"

"தெரியாதுக்கா."

"பொய் சொல்லாத. தெரியும் ஒனக்கு. சொல்லு, நாளைக்கு அங்கிட்டுத்தான் தண்ணி ஊத்தப் போறேன்."